காட்டுப் பூதத்தைக் கேமராவில் பிடிப்பது: ஃபவுண்ட் ஃபுட்டேஜ் குறும்படத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாரோ எடுத்து எங்கோ கிடைத்த வீடியோ என்ற பாவனையில் வரும் திகில் படம்தான் ஃபவுண்ட் ஃபுட்டேஜ். காட்டுக்குள் போன சிலர், அங்கே இருப்பதாக ஊர் சொல்லும் ஏதோ ஒன்று, ஆடும் கேமரா. செலவு குறைவு என்பதால் முதல் குறும்படத்துக்கே பலர் இதில் கை வைக்கிறார்கள். கை வைத்ததும் செய்யும் முதல் வேலை, முகமூடி வாங்குவது. தடுக்குவதும் அங்கேதான்.

இந்த வகைப் படத்தில் உருவம் கடைசி வேலை. கேமரா யார் கையில் இருக்கிறது, ஏன் இன்னும் ஓடுகிறது என்பதுதான் முதல் வேலை. அதைத் தீர்க்காமல் எவ்வளவு நல்ல உடை தைத்தாலும், "இதை யார் எடுக்கிறார்கள்?" என்று பார்ப்பவர் ஒரு நொடி யோசித்துவிடுவார். அந்த நொடியிலேயே பயம் போய்விடும். கீழே உள்ள வரிசை இதை மனதில் வைத்துத்தான். நாலைந்து பேர் சேர்ந்து, பத்துப் பதினைந்து நிமிடப் படத்தை ஃபோனில் எடுப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஃபோகஸ், எக்ஸ்போஷர் (எவ்வளவு வெளிச்சம் பதிய வேண்டும் என்பது), ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) மூன்றையும் கையால் மாற்ற முடிகிற ஒரு வீடியோ செயலி வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். உங்கள் ஃபோனில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒலிக்குத் தனியாக ஒரு சிறிய ரெக்கார்டர், அல்லது இரண்டாவது ஃபோனும் ஒரு காலர் மைக்கும்.

எல்.இ.டி. டார்ச் ஒரே மாதிரியாக இரண்டு வாங்குங்கள். ஒன்று பாதியில் அணைந்து வேறு டார்ச்சை எடுத்தால், ஒரே காட்சியில் வெளிச்சம் நீலத்திலிருந்து மஞ்சளுக்குத் தாவும்.

எல்லோருக்கும் முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ் கட்டாயம். பாம்புக்கடிக்கு மருந்து உள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்பதையும் முன்பே விசாரித்து வையுங்கள். இரவில் சருகுமேல் நடக்கிற வேலை இது.

உடை, முகமூடி, செயற்கை ரத்தம் எதுவும் இப்போது வேண்டாம். வாங்கி வைத்துவிட்டால் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று கை அரிக்கும்.

2. கேமரா யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு தாளில் இந்த வரியை நிரப்புங்கள்: "இந்த வீடியோவை எடுப்பவர் இன்னார்; எடுப்பது இன்னதற்காக; ஆபத்து வந்த பிறகும் நிறுத்தாதது இன்ன காரணத்தால்." முதல் இரண்டையும் எல்லோரும் சட்டென்று நிரப்பிவிடுவார்கள். யூடியூபர், வியூஸ், முடிந்தது. மூன்றாவது இடம் காலியாகவே கிடக்கும். உயிர் போகிற நேரத்தில் யாரும் வியூஸுக்காக ஃபோனைத் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள்.

மூன்றாவதுக்கு மிக வலுவான விடை வெளிச்சம். டார்ச் போய்விட்டது, ஃபோன் ஃப்ளாஷ் மட்டும்தான் மிச்சம் என்றால் அதைக் கீழே போட முடியாது. எடுப்பதை நிறுத்தாததற்கும் தனி விளக்கம் தேவைப்படாது. ஆதாரம் வேண்டும் என்பது இன்னொரு விடை. 2010இல் வந்த நார்வேப் படமான 'ட்ரோல் ஹன்டர்' இதை நன்றாகச் செய்கிறது. கரடி வேட்டையைப் பற்றிப் படமெடுக்கப் போன மாணவர்கள், ரகசியமாக ட்ரோல்களை (நார்வே நாட்டுப்புறக் கதைகளில் வரும் ராட்சதப் பூதங்களை) கொல்லும் ஒருவரைப் பின்தொடர்கிறார்கள். தன் வேலையில் வெறுத்துப்போன அவர், உண்மை வெளியே வரட்டும் என்று அவர்களைப் படமெடுக்க விடுகிறார். எடுப்பவருக்கும் காரணம் இருக்கிறது, எடுக்கப்படுபவருக்கும் இருக்கிறது.

அடுத்து, அந்த ஆளின் பழக்கம். கல்யாண வீடியோ எடுப்பவர் பயத்திலும் ஃப்ரேமைச் சரிசெய்வார். பயந்த கல்லூரி மாணவனின் கேமரா தரையைத்தான் பார்க்கும். எடுப்பவரின் குணம் அவர் முகத்தில் தெரியப்போவதில்லை, ஃப்ரேமில்தான் தெரியும். அதனால் இதை நடிகர் தேர்வுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கதைக்குள் ஒரே கேமரா என்றால், பேசுபவர் முகம், கேட்பவர் முகம் என்று மாற்றி மாற்றி வெட்ட முடியாது. புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். ஓர் உரையாடலை இரண்டு பக்கமிருந்தும் எடுத்து அழகாகக் கோத்துவிடுகிறார்கள். படம் அங்கேயே சாதாரண சினிமாவாகிவிடுகிறது. அப்படி வெட்டியே ஆக வேண்டும் என்றால் கதைக்குள் இரண்டாவது கேமராவை வையுங்கள், அதை முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள்.

3. வீடியோ பிறகு யார் கைக்குப் போனது?

மெமரி கார்டைக் கண்டெடுத்தவர் அப்படியே வெளியிட்டாரா, போலீஸ் விசாரணைக்காக யாராவது வரிசைப்படுத்தினார்களா, படமெடுத்தவரே உயிரோடு வந்து எடிட் செய்தாரா? இதற்கு விடை இருந்தால்தான் எழுத்து அட்டை போடலாமா, ஒலியைக் கூட்டலாமா, ஒரு காட்சியைத் திரும்பக் காட்டலாமா என்பது தெரியும். அப்படியே வெளியிட்டது என்றால் ஒவ்வொரு வெட்டும் யாரோ 'ஸ்டாப்' அழுத்திய இடம். ஏன் அழுத்தினார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னணி இசை எந்த நிலையிலும் கிடையாது.

4. உயிரினத்துக்குச் சட்டம் எழுதுங்கள்

உருவத்தை வரைவதற்கு முன் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். சட்டம் இல்லாத பூதம் எப்போது வேண்டுமானாலும் வந்து எதையும் செய்யும். பார்ப்பவர் எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் சலித்துவிடுவார். சட்டம் தெரிந்துவிட்டால் ஒரு சத்தம் போதும், மீதியை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நல்ல செய்தி, வாய்மொழிக் கதைகளில் சட்டம் ஏற்கனவே இருக்கும். இலங்கையின் பழங்குடிகளான வேடர்களின் கதைகளில் வரும் நிட்டேவோவை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து இது எழுத்திலும் பதிவாகியிருக்கிறது. மூன்றடி உயரம், நிமிர்ந்த நடை, செம்பழுப்பு ரோமம், குட்டையான கை, நீண்ட நகம். கூட்டமாகத் திரியும். மரத்திலும் பாறை இடுக்கிலும் தங்கும். பேச்சு பறவைகள் கீச்சிடுவது போல இருக்கும். கடைசியாக இருந்தவற்றை வேடர்கள் ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகைக் குவித்துத் தீயிட்டு அழித்தார்கள் என்று கதை முடிகிறது.

இதிலிருந்து வேலைக்கு ஆகும் பட்டியல் ஒன்று தானாக வருகிறது. மூன்றடி என்றால் நகக்கீறல் மரத்தில் இடுப்புயரத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கூட்டம் என்றால் ஒரு சத்தத்துக்கு இன்னொரு திசையிலிருந்து பதில் வர வேண்டும். கீச்சொலி என்றால், முதல் பாதி முழுக்க அதைப் பறவை என்றே பாத்திரங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். குகையில் புகை என்பதால், இவர்கள் அடுப்பு மூட்டும் காட்சியே வினையாகலாம். அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகச் சொல்லப்படும் மனிதக்குரங்கு போன்ற ஏழடி உயர பிக்ஃபுட்டை எடுக்கக் கிளம்பினால் உடைக்கே பணம் தீர்ந்துவிடும். இது உங்கள் பட்ஜெட்டுக்குள் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. வேடர்கள் இன்றும் வாழும் மக்கள். உங்கள் கதைக்காக அவர்களைக் காட்டுமிராண்டிகளாக்காதீர்கள். அதே போல, ஊர் எல்லையில் கும்பிடும் முனியைப் பேயாகக் காட்டாதீர்கள். அது அந்த ஊருக்குச் சாமி. மனசு புண்படும் என்பது ஒருபுறம் இருக்க, படப்பிடிப்பும் நின்றுபோகும்.

5. இடம், அனுமதி

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. யானை நடமாடும் இடத்தில் இரவில் டார்ச்சோடு ஓடுவது சட்டத்துக்கு முன்பே உயிருக்கு ஆபத்து. நிஜக் காடுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். இரவில் கேமராவுக்குத் தெரியும் காடு டார்ச் வெளிச்சம் போகிற தூரம்தான். அதற்கு ஒரு தோப்பு போதும்.

எந்தத் தோப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சவுக்கும் தைலமரமும் வரிசையாக நட்டவை. வரிசைக்கு நேராகக் கேமராவைத் திருப்பினால் நட்ட தோப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும். குறுக்குவாட்டில் எடுத்தால் தப்பிக்கலாம். என் ஓட்டு பழைய முந்திரித் தோப்புக்கு. கிளைகள் கோணல்மாணலாகத் தரைவரை தாழ்ந்திருக்கும், ஆள் குனிந்துதான் போக வேண்டும், கீழே சருகு. மூன்றடி உயிரினம் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பகலில் ஒருமுறை முழுத் தோப்பையும் நடந்து பாருங்கள். கிணறு, முள்வேலி, மின்வேலி எங்கே என்று குறித்து, ஓட வேண்டிய பாதையில் உள்ள கல்லையும் முள்ளையும் அகற்றுங்கள். தோப்புக்காரரிடம் மட்டும் சொன்னால் போதாது. பக்கத்து வீடுகளிலும் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் "காப்பாத்துங்க" என்று கத்தினால் கம்போடு நாலு பேர் வருவார்கள். வர வேண்டியதும்தான்.

6. வசனத்தை விடுங்கள், நிகழ்வை எழுதுங்கள்

மனப்பாடம் செய்த வசனம் இந்த வகையில் உடனே காதில் உறுத்தும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று வரி போதும்: என்ன நடக்கிறது, இந்தக் காட்சிக்குப் பிறகு யாருக்கு என்ன புதிதாகத் தெரியும், யார் யார்மேல் கோபமாக முடிக்கிறார்கள்.

1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்துக் காடுகளில் 'பிளேர் விட்ச்' என்ற ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படத்தை எட்டு நாளில் எடுத்தார்கள். நடிகர்களே கேமராவைப் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்புச் சீட்டு போகும். மற்றவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சீட்டு முறையை. ஒருவருக்கு "வழி தெரியும் என்று அடித்துச் சொல்", இன்னொருவருக்கு "அவனை நம்பாதே, ஆனால் காரணத்தைச் சொல்லாதே" என்று கொடுத்துப் பாருங்கள். சண்டை தானாக வரும். நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்ததையும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நடிக்க வந்தவர்கள் உங்கள் நண்பர்கள்.

நடிப்பை நிறுத்த ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம், நிறுத்து" என்பது கதைக்குள்ளும் வரும், அதனால் நிஜமாகக் கால் பிசகியவர் கத்தினாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள். கதையில் வரவே வாய்ப்பில்லாத சொல்லாக இருக்கட்டும். "ரவா தோசை" நன்றாக வேலை செய்யும்.

நடிகர்கள் வீட்டில் பேசும் வட்டார வழக்கிலேயே பேசட்டும். பயத்தில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழட்டும்.

7. ஃபோனை அமைக்கும் வரிசை

முதலில் ஃப்ரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது: 25 அல்லது 30. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை மாற்றாதீர்கள். 24 வைத்தால் சினிமாச் சாயல் வந்துவிடும், இங்கே அது நமக்கு எதிரி. காட்சியில் வீட்டு மின்விளக்கு வருமானால் 25ம், 1/50 ஷட்டரும் பாதுகாப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்காது.

அடுத்து, இருட்டில் ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் குறைக்கும் வசதியை அணையுங்கள். அணைக்காவிட்டால் வேகம் நடுவில் மாறும். எடிட்டிங்கில் உதடும் ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஏற்கனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு எடிட்டிங்கில் ஏற்றுங்கள்.

எக்ஸ்போஷரைப் பூட்டுவது மூன்றாவது. பூட்டாவிட்டால் டார்ச் விலகும்போதெல்லாம் ஃபோன் இருட்டைத் தூக்கிக் காட்டி, கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும். கறுப்பு கறுப்பாகவே இருந்தால்தான் அதற்குள் எதையாவது ஒளிக்கலாம். ஃபோகஸை மட்டும் சில ஷாட்களில் தானாக விடலாம். எதைப் பிடிப்பது என்று லென்ஸ் தடுமாறுவது இந்த வகையில் கூடுதல் நடிப்பு.

8. டார்ச்சும் கண்களும்

கதைக்குள் இல்லாத விளக்கு கூடாது. நிலவொளி என்று சொல்லி மரத்துக்குப் பின்னால் நீல விளக்கு வைத்தால் அது சினிமா. சாயங்காலம் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிட மங்கல், டார்ச், ஃபோன் ஃப்ளாஷ், அடுப்புத் தீ. இவ்வளவுதான் உங்கள் விளக்குகள்.

கண்கள் மின்னுவதற்கு கிராஃபிக்ஸ் தேவையில்லை. லாரி, டிராக்டரில் ஒட்டும் வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப் ஒரு முழம் வாங்குங்கள். வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புவது அதன் குணம். டார்ச்சை லென்ஸுக்கு ஒட்டிப் பிடித்தால் டேப் சுடராக எரியும். கையை ஓரடி தள்ளினால் மங்கிவிடும். வட்டமாக வெட்டினால் ஸ்டிக்கர் என்று தெரியும், அதனால் புளியங்கொட்டை அளவில் நீள்வட்டமாக வெட்டுங்கள். மேல் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மெல்லிய கீற்றாக ஒட்டினால் இமையாகிவிடும். மஞ்சள் மார்க்கரை ஒருமுறை தடவினால் வெள்ளைச் சுடர் தேன் நிறத்துக்கு வரும். கறுப்புத் துணி சுற்றிய அட்டையில் நாலு விரல் இடைவெளியில் இரண்டையும் ஒட்டி, அட்டையைக் குச்சியில் கட்டி, ஆள் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பிடித்தால் போதும். குச்சியை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கும் விலங்கு வந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. நாய், பூனை, மான், தேவாங்குக்குக் கண்ணின் பின்புறம் வெளிச்சத்தைத் திருப்பும் படலம் இருக்கிறது. மனிதனுக்கும் குரங்குக்கும் இல்லை. மனிதச் சாயலுள்ள உயிரினத்துக்குக் கண் மின்னலாமா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை உங்கள் பாத்திரம் ஒருவரே முதலில் கேட்டுவிடட்டும். குறையாகத் தெரிய வேண்டியது தடயமாக மாறிவிடும்.

9. ஒலி: நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்

படம் மோசமாக இருந்தால் "நிஜ வீடியோ அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்வார்கள். ஒலி மோசமாக இருந்தால் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

முதல் வேலை, ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் வெறும் சூழலைப் பதிவு செய்வது. சில்வண்டுச் சத்தம் மணிக்கு மணி மாறும். எட்டு மணிக்கு எடுத்த ஷாட்டையும் பதினொரு மணிக்கு எடுத்ததையும் ஒட்டினால், வெட்டும் இடத்தில் சத்தம் படக்கென்று தாவும். அந்த இரண்டு நிமிடப் பதிவை அடியில் நீளமாகப் பரப்பினால் தாவல் மறையும்.

அடுத்தது, சில்வண்டு திடீரென்று அடங்கும் தருணம். இது வேண்டும் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் முடியாது, ஏனென்றால் பேச்சோடு சேர்ந்தே வண்டுச் சத்தம் பதிந்திருக்கும். வழி இருக்கிறது: அந்தக் காட்சியைக் கூடாரத்துக்குள் வைத்து, கூடாரத்தை வீட்டு ஹாலில் கட்டுங்கள். உள்ளே விளக்கு எரியும்போது துணிக்கு வெளியே எதுவும் தெரியாது; தோப்பா ஹாலா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, பேச்சைச் சுத்தமாகப் பதிவு செய்யுங்கள். வண்டைப் பிறகு சேர்த்து, வேண்டிய நொடியில் நிறுத்துங்கள்.

2013இல் வந்த 'வில்லோ கிரீக்' என்ற பிக்ஃபுட் படத்தில் கூடாரத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து வெளியிலிருந்து வரும் சத்தங்களைக் கேட்கும் ஒரே ஷாட் ஏறத்தாழ 19 நிமிடம் ஓடுகிறது. கேமரா நகர்வதில்லை. நீங்கள் நாலு நிமிடம் தாங்கினால் போதும். அதற்கு வெளியே ஓர் ஆள் நிஜமாகவே குச்சியால் தட்ட வேண்டும், துணியை விரலால் அழுத்த வேண்டும்; எப்போது என்பது நடிகர்களுக்குத் தெரியக்கூடாது. திரும்பிப் பார்க்கும் திசையும் நேரமும் அப்போதுதான் பொய்யாக இருக்காது. எடிட்டிங்கில் அதே நொடியில், அந்தத் தட்டலின் மேலேயே உங்கள் ஒலியை ஏற்றிவிடுங்கள்.

உயிரினத்தின் குரலை இணையத்தில் இறக்கிய சிங்க உறுமலால் செய்யாதீர்கள். எல்லோர் காதுக்கும் பழகியது அது. நிட்டேவோவுக்கு உதட்டைக் குவித்து உள்ளிழுத்துக் கீச்சிடும் ஒலியை ரெக்கார்டரில் 96 கிலோஹெர்ட்ஸ் பதிவு வீதத்தில் பதிவு செய்து, வேகத்தைக் கால் பங்கு குறையுங்கள். அதிக வீதத்தில் பதிந்தால் மெதுவாக்கும்போது கூர்மை அவ்வளவாகப் போகாது. இரண்டு மூன்று பேர் குரலைத் தனித்தனியாகப் பதிந்தால் கூட்டம் கிடைக்கும்.

தூரம் காட்டுவது ஒலியளவில் மட்டும் இல்லை. இலைகளைக் கடந்து வரும் ஒலியில் கூர்மையான பகுதி முதலில் உதிர்ந்துவிடும். அதனால் தூரத்து ஒலிக்கு 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை ஈக்வலைசரில் (ஒலியின் கூர்மையையும் கனத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) இறக்குங்கள். அது நெருங்க நெருங்க, ஒலியளவைக் கூட்டாமல், அந்தக் கூர்மையை மட்டும் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர் தோளைக் குறுக்குவார்.

10. நடுக்கத்தை அளந்து வையுங்கள்

கேமரா ஆடினால் நிஜம் போல இருக்கும் என்று முழுப் படத்தையும் ஆட்டிவிடுகிறார்கள். பார்ப்பவருக்குத் தலைசுற்றுமே தவிர பயம் வராது. எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் ஆபத்து என்று தெரிந்தால்தான் பயப்பட முடியும்.

அதனால் ஓடும்போது மட்டும் ஆடட்டும், மற்ற நேரம் இரண்டு கையாலும் பிடியுங்கள். ஓட்டக் காட்சிக்கு முன்பே அந்த இடத்தை நிதானமாக ஒருமுறை காட்டிவிடுங்கள்: சாய்ந்த மரம், வேலி, வண்டி நிற்கும் இடம். பிறகு ஓடும்போது சாய்ந்த மரம் ஒரு கணம் மின்னினாலும், வண்டிக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

11. இப்போது உருவம்

இதுவரை வந்த பிறகு உடைக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் மொத்தம் மூன்று நொடிக்கு மேல் தேவைப்படாது.

நிட்டேவோவின் செம்பழுப்பு ரோமத்துக்குத் தேங்காய் நார் போதும். டார்ச் வெளிச்சத்தில் நிறம் சரியாக வரும், கொஞ்சம் பிசிறாக இருப்பதும் நல்லதே. பழைய கறுப்பு டி-ஷர்ட்டில் கொத்துக் கொத்தாகத் தையுங்கள். பசை போட்டு ஒட்டினால் பசை பளபளக்கும். குந்தி உட்கார்ந்த பெரியவரின் தலை ஏறக்குறைய மூன்றடியில்தான் நிற்கும். குந்தியபடியே இரண்டு மரத்துக்கு இடையே தத்திக் கடக்கச் சொல்லுங்கள். இரவுப் படப்பிடிப்பில் குழந்தைகளை நடிக்க வைக்க வேண்டாம். நார் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக் காட்சி பக்கமே அந்த உடை போகக்கூடாது.

எப்படிக் காட்டுவது என்பதற்கு, 1967 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் பேட்டர்சன், கிம்லின் இருவரும் எடுத்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிக்ஃபுட் படச்சுருளைப் பாருங்கள். நிஜமா மோசடியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது நமக்கு வேண்டாம். அந்த உருவம் யாரையும் பாய்ந்து தாக்கவில்லை. தன்பாட்டுக்கு நடந்து போகிறது, ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது, போய்விடுகிறது. கேமராவை நோக்கிப் பாயும் முகமூடியைவிட, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் ஒன்றுதான் நம்ப வைக்கிறது.

இன்னொரு வழி, பாத்திரங்கள் கவனிக்காத காட்சியில் உருவத்தை வைத்துவிடுவது. முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். பின்னால் மரத்தடியில் ஏதோ ஒன்று குந்தியிருக்கட்டும். கேமரா அதை நோக்கி நகரவும் கூடாது, ஒலி எழும்பவும் கூடாது. பார்த்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

12. எடிட்டிங்

முதல் வெட்டில் உருவமே இல்லாமல் படத்தைக் கோத்துப் பாருங்கள். அப்படியும் பயம் வந்தால் படம் தேறிவிட்டது. வரவில்லை என்றால் உருவத்தைச் சேர்த்தாலும் வராது. ஒலிக்கும் சட்டத்துக்கும் திரும்பிப் போங்கள்.

கடைசிக் காட்சி புரியவில்லை என்று யாராவது சொன்னால் கடைசிக் காட்சியை நீட்டாதீர்கள், முதல் பாதியில் ஒரு வரி சேருங்கள். 'பிளேர் விட்ச்' முடிவில் ஒருவர் மூலையைப் பார்த்து நிற்பார். அதன் பொருளை முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஊர்க்காரர் பேட்டியைப் பிறகுதான் எடுத்துச் சேர்த்தார்கள். பேட்டி, டீக்கடைப் பேச்சு போன்றவை கதைக்குள் இருந்தால் இப்படித் தனியாக எடுத்துச் செருகுவது எளிது.

கோடு ஓடும் பழைய வி.எச்.எஸ். (வீடியோ கேசட்) ஃபில்டரை ஃபோன் வீடியோமேல் போடாதீர்கள். ஃபோன் அப்படிக் கெடாது, கட்டம் கட்டமாகத்தான் உடையும். அந்த உடைசல் வேண்டும் என்றால் முடிந்த காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்குங்கள், நிஜ உடைசலே கிடைக்கும். தேதியும் நேரமும் திரையில் ஓட வேண்டும் என்றால், ஷாட்களை வரிசை மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இது.

13. வெளியிடும் முன்

1999இல் 'பிளேர் விட்ச்' நடிகர்களைக் காணாமல் போனவர்களாகக் காட்டியே விளம்பரம் செய்தார்கள். நடிகை ஒருவரின் தாய்க்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. இன்று சிறுத்தை நடமாட்டம் என்று ஒரு பொய் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றினாலே ஊர் கதவடைக்கிறது. ஊர்ப்பெயர், காவல் நிலையப் பெயர், காணவில்லை சுவரொட்டி எதையும் நிஜமாக வைக்காதீர்கள். படத்தின் முடிவில் நடிகர் பெயர்களையும், கற்பனைக் கதை என்ற வரியையும் போடுங்கள். யாராவது நடுத்துண்டை மட்டும் வெட்டிப் பரப்புவார்கள், அதனால் விவரக் குறிப்பிலும் முதல் வரியாக அதையே எழுதுங்கள்.

பதிவேற்றும் முன், படத்தைப் பற்றி எதுவும் தெரியாத இரண்டு பேருக்கு இரவில், ஹெட்ஃபோனோடு, ஃபோனிலேயே போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள், பயனில்லை. "அது எத்தனை இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஒன்றுதான் என்று சொன்னால், பதில் குரல் கேட்கவே இல்லை என்று பொருள். ஒலிக்கலவையில் இரண்டாவது கீச்சை இன்னும் கொஞ்சம் தூக்கி, எதிர்ப்பக்கம் தள்ளுங்கள்.